கித்தார் வளைந்தது... யார் குற்றம்?

கடற்கரை ஊரில் மர வாத்தியம் வாங்குவோரும் விற்போரும் கவனிக்க!

ஐப்பசி மழை பிடித்துக் கொண்டது. மூன்று நாளாக வெயில் இல்லை. துணி காயவில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுவிட்டது. கதவு சட்டத்தில் இறுகி, தள்ளினால்தான் மூடுகிறது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் தையற்காரர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மாதா கோவில் பாட்டுக் குழுவிலும் பாடுகிறாள். "எனக்கு ஒரு கித்தார் வேண்டும்" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக் கொண்டிருந்தாள். தாயார் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, மாதச் சீட்டுப் போட்டார். சித்திரை மாதத்தில் சீட்டு எடுத்தார்கள். 25 ஆயிரம் ரூபாய்க்குக் கித்தார் வந்தது. வீடே கூடி நின்று பார்த்தது.

அந்தக் கித்தாரை மகள் இன்று மடியில் வைத்தாள். கம்பியை அழுத்தினாள். விரல் வலித்தது. கம்பி மேலே எழும்பி நிற்கிறது! கழுத்து வில்லைப் போல வளைந்திருக்கிறது! மேல்பலகை ஊதிய அப்பளம் போல உப்பியிருக்கிறது!

தகப்பனார் கித்தாரைத் தூக்கிக் கொண்டு கடைக்கு ஓடினார்.

"ஒரு வருட வாரண்டி இருக்கிறதே, ஐயா!" என்றார்.

"இருக்கிறது, அண்ணே. அந்தச் சீட்டின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஈரத்தாலோ, வெப்பத்தாலோ, காற்றின் மாறுதலாலோ உண்டாகும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பு இல்லை!

கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுகிறார். கம்பெனி காற்றைக் கை காட்டுகிறது. தகப்பனார் என்ன செய்வார்? காற்றின் மேல் வழக்குப் போட முடியுமா?

இது கற்பனை வீடுதான். ஆனால் இதில் உள்ள கேள்வி கற்பனை அல்ல. கடலோர ஊரில் மர வாத்தியம் வாங்கும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழலாம். அதற்குப் பதில் தெரிந்திருப்பது நல்லது.

உள்ளே ஒன்றும் இல்லை!

கித்தாரில் பல வகை உண்டு. ஒரு வகையின் உடல் முழு மரக்கட்டை. அதன் ஓசையை மின்சாரம் பெருக்கும். இன்னொரு வகையின் உடல் பெட்டி போன்றது. உள்ளே கூடு. மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டிச் செய்வார்கள். கம்பி அதிர்ந்தால் பலகை அதிரும். பலகை அதிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று அதிரும். ஓசை பெருகும். வீணையின் குடம் செய்யும் வேலையும் இதுதான்.

கூடு உள்ள கித்தாரிலும் மின்சாரம் வைத்தார்கள். அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி 1936-ல் 'ஈ.எஸ். 150' என்ற மின்சாரக் கித்தாரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வயலினில் இருப்பது போன்ற நீண்ட துளைகள் அதன் மேல்பலகையில் இருந்தன. அந்த வடிவத்தில் இன்றும் பல கம்பெனிகள் செய்கின்றன.

கூடு உள்ள கித்தாரின் இனிமைக்குக் காரணம், பலகை மெல்லியதாக இருப்பது. அது சீக்கிரம் வளைவதற்கும் காரணம் அதுவே! எது அழகோ, அதுவே பலவீனம்.

மரம் தண்ணீர் குடிக்கும்!

மரத்தை வெட்டி, அறுத்து, காய வைத்து, மெருகு போட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரம் கூடினால் மரம் குடிக்கும். காற்று வறண்டால் கக்கும். மழைக் காலத்தில் உங்கள் வீட்டுக் கதவு இறுகுவதும், கோடையில் தளர்வதும் இதனால்தான்.

காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று அளப்பார்கள். அந்த அளவு நூற்றுக்கு 50 என்றால், 100 கிராம் காய்ந்த மரத்தில் சுமார் 9 கிராம் தண்ணீர் தங்கும். அளவு 80 ஆனால், சுமார் 15 கிராம் தண்ணீர் தங்கும். இந்த 6 கிராம் வித்தியாசம்தான் எல்லாக் கூத்துக்கும் காரணம்.

ஈரம் குடித்த மரம் நீளவாக்கில் அதிகம் நீளுவது இல்லை. அகலவாக்கில்தான் விரியும். கித்தாரின் மேல்பலகை அகலமான இடத்தில் 40 சென்டிமீட்டர் இருக்கும். இத்தனை ஈரம் ஏறினால் அது 3 மில்லிமீட்டர் அளவுக்கு விரியப் பார்க்கும். விரிய இடம் ஏது? சுற்றிலும் ஒட்டியிருக்கிறதே! ஆகவே பலகை மேலே உப்புகிறது.

"பளபளவென்று மெருகு பூசியிருக்கிறதே, ஈரம் எப்படி நுழையும்?" என்று கேட்கலாம். மெருகு ஈரத்தின் வேகத்தைக் குறைக்கும். தடுத்து நிறுத்தாது. மேலும், மெருகு வெளிப்பக்கம் மட்டும்தான். பெரும்பாலான கித்தார்களின் உள்பக்கம் வெறும் மரம். ஓசை வெளியே வரும் துளை வழியாகவே ஈரம் உள்ளே போகிறது!

கித்தார் செய்யும் கம்பெனிகள் பல, காற்றின் ஈரம் 45 முதல் 55 வரை இருந்தால் நல்லது என்கின்றன. புதுச்சேரி கடலை ஒட்டிய ஊர். இங்கே வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். மழை இல்லாத நாளிலும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. கம்பெனி கேட்கும் காற்றும், ஊரில் வீசும் காற்றும் வேறு வேறு!

ஒரு மூட்டை அரிசி!

ஈரம் மட்டும் அல்ல. கம்பியின் இழுப்பும் இருக்கிறது.

பெட்டிக் கித்தாரில் ஆறு எஃகுக் கம்பிகளைச் சுருதி சேர்த்து இறுக்கினால், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும். கிட்டத்தட்ட ஒரு மூட்டை அரிசியின் கனம். மெல்லிய கம்பி போட்ட மின்சாரக் கித்தாரில் இது 45 கிலோ அளவு. நைலான் கம்பி போட்டால் இன்னும் குறைவு. இரவும் பகலும் இந்த இழுப்பு நிற்பதே இல்லை.

இதைத் தாங்குவதற்காகவே எஃகுக் கம்பிக் கித்தாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி வைப்பார்கள். 'ட்ரஸ் ராட்' என்பார்கள். 100 ஆண்டுகளுக்கு முன்பே வந்த ஏற்பாடு இது. ஒரு சிறு சாவியால் இந்தக் கம்பியைத் திருகினால் கழுத்தின் வளைவு குறையும், கூடும்.

ஆகவே ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். கழுத்து முன்னால் கொஞ்சம் வளைவது குற்றமே அல்ல. பருவம் மாறும்போது அது மாறும். தெரிந்தவர் கையால் கால் திருகு திருகினால் சரியாகிவிடும். இதற்காக வழக்குப் போடுவது, தலைவலிக்குத் தலையை வெட்டுவது போல!

ஆனால் கழுத்து கயிறு போல முறுக்கிக் கொண்டால் அது வேறு. பலகையின் ஒட்டு விட்டுப் போனால் அது வேறு. உள்ளே இருக்கும் தாங்கு கட்டைகள் பெயர்ந்தால் அதுவும் வேறு. இவை சாவியால் தீராது.

சீவகன் செய்த சோதனை!

மரத்தைச் சோதித்து வாங்குவது தமிழருக்குப் புதிது அல்ல.

திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணியில் ஒரு காட்சி வருகிறது. காந்தருவதத்தையோடு யாழ்ப் போட்டிக்குச் சீவகன் வருகிறான். அவன் முன் யாழ்களைக் கொண்டு வந்து வைக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளுகிறான். ஒன்று தண்ணீரில் ஊறி வலு இழந்த மரம். ஒன்று வாள் வெட்டுப் பட்ட மரம். ஒன்று இடி விழுந்த மரம். பார்த்த உடனே குற்றத்தைச் சொல்லிவிடுகிறான்!

சீவகனுக்கு வாரண்டிச் சீட்டு கிடையாது. கண்தான் அவனுக்கு உத்தரவாதம்.

தஞ்சாவூர் வீணை செய்வோரும் மரத்தில் கண்ணாக இருப்பவர்கள். அவர்களுக்குப் பலா மரம் வேண்டும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள பண்ருட்டியில் இருந்து பலா மரம் தஞ்சாவூருக்குப் போகிறது. ஊறிய மரமா, காய்ந்த மரமா, வெடிப்பு உண்டா என்று பார்த்துத்தான் உளியை வைப்பார்கள். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. காலப்போக்கில் மெழுகு இளகும், மெட்டு நகரும். அப்போது மீண்டும் மெழுகு வைத்து மேளம் கட்டுவார்கள். வாத்தியம் என்றால் பராமரிப்பு உண்டு என்பதை வீணைக்காரர் அறிவார். வீணை வாங்குபவரும் அறிவார்.

கித்தார் வாங்கும் வீட்டுக்கு இதை யார் சொல்கிறார்கள்? இங்கேதான் கோளாறு!

சீட்டின் பின்பக்கம்!

வாரண்டிச் சீட்டின் முன்பக்கம் பெரிய எழுத்து. "ஒரு வருடம்", "இரண்டு வருடம்", சில இடத்தில் "ஆயுள் முழுவதும்" என்று கூட இருக்கும். பின்பக்கம் சிறிய எழுத்து. பெரும்பாலும் ஆங்கிலம்.

அந்தப் பின்பக்கத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: செய்த வேலையில் குற்றம் இருந்தால் கம்பெனி பொறுப்பு. வைத்திருந்த முறையில் குற்றம் இருந்தால் வாங்கியவர் பொறுப்பு. ஈரமும் வெப்பமும் இரண்டாவது கணக்கில் சேரும்.

கம்பெனி சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. கித்தாரை வெயிலில் நிறுத்திய காரில் பூட்டி வைத்தால் பசை இளகும். மழைச் சாரல் அடிக்கும் சன்னல் ஓரம் வைத்தால் பலகை உப்பும். இதற்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பு ஏற்கும்?

ஆனால் அந்த நியாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. புதுச்சேரியில் கடை வைத்து, புதுச்சேரிக்காரரிடம் விற்கிறார்கள். புதுச்சேரியில் ஈரக் காற்று வீசும் என்பது தெரியாதா? குளிர் நாட்டுக்காரர் கோட்டைக் கடற்கரையில் விற்றுவிட்டு, "வியர்த்தால் நாங்கள் பொறுப்பு இல்லை" என்று சொல்வது போல அல்லவா இருக்கிறது!

ஈரத்தைப் பற்றிப் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருந்தால் அது எச்சரிக்கை. கித்தார் வளைந்த பிறகு சொன்னால் அது சாக்கு!

பிரெஞ்சுக் காலத்திலேயே இருந்தது!

விற்றவர் பொறுப்பு என்பது புதுச்சேரிக்குப் பழகிய எண்ணம்தான்.

1819-ல் பிரெஞ்சுக்காரரின் சிவில் சட்டம் புதுச்சேரிக்கு வந்தது. நெப்போலியன் காலத்தில் எழுதிய சட்டம் அது. அதில் 1641-ம் பிரிவு, மறைந்திருக்கும் குற்றத்தைப் பற்றியது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத குற்றம் பொருளில் இருந்து, அதனால் பொருள் பயன்படாமல் போனால் விற்றவர் பொறுப்பு. அடுத்த பிரிவு மறுபக்கத்தைச் சொல்கிறது. வாங்குபவர் தாமே பார்த்துத் தெரிந்து கொள்ளக்கூடிய குற்றத்துக்கு விற்றவர் பொறுப்பு இல்லை.

எவ்வளவு நேரான நீதி! மறைந்த குற்றம் விற்றவர் தலையில். தெரிந்த குற்றம் வாங்கியவர் தலையில்.

1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியும் இணைந்தது. பிறகு வியாபாரத்துக்கு இந்தியச் சட்டங்கள் வந்தன. ஆனால் நீதி மாறவில்லை. 1930-ம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. எந்தத் தேவைக்கு என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லி, "அதைக் கொடுங்கள்" என்று கேட்டால் இந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். ஆகவே வாயைத் திறந்து சொல்லுங்கள்! "எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். ஏ.சி. கிடையாது. தினமும் வாசிக்க வேண்டும். எது தாங்கும்?" என்று கேளுங்கள். பதிலை ரசீதின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

எங்கே முறையிடுவது?

இன்று நடைமுறையில் இருப்பது 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. சாதாரணக் குடும்பத்துக்கு இதில் பல வசதிகள் உண்டு.

1. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே முறையிடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும், இணையத்தில் வாங்கியிருந்தாலும், புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம்.

2. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை.

3. குற்றம் தெரிந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.

4. வளைந்தது மரத்தின் குற்றமா, காற்றின் குற்றமா என்று சந்தேகம் வந்தால், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பரிசோதனை வேண்டாத வழக்கை 3 மாதத்திலும், வேண்டிய வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

5. குற்றம் நிரூபணமானால் பழுது பார்க்கவோ, வேறு பொருள் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நஷ்டஈடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவு போடலாம்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று கடையில் பலகை மாட்டியிருப்பார்கள். அந்தப் பலகையைக் கண்டு பயப்பட வேண்டாம். குற்றமுள்ள பொருளை, ரசீதில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வியாபாரம். ரசீதில் காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாள் என்று கணக்கு. ரசீது கொடுக்காமல் இருப்பதும் முறையற்ற வியாபாரம்தான்.

முதலில் கடைக்காரரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லையா? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் ஆணையம்.

ஒரு எச்சரிக்கை! ரசீது இல்லாதவர் கை கட்டியவர் போல. வாரண்டிச் சீட்டில் கடை முத்திரையும் தேதியும் இல்லை என்றால் அது வெறும் காகிதம். கித்தாரை வாங்கிய அன்றே நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் "அன்று இப்படி இருந்தது" என்று காட்ட அதுவே சாட்சி.

வாங்கும்போது ஐந்து நிமிடம்!

சீவகனைப் போலப் பார்க்க எல்லோருக்கும் முடியும். ஐந்து நிமிடம் போதும்.

கித்தாரை எடுத்து, ஒரு கண்ணை மூடி, அம்பு எய்பவர் போலக் கழுத்தை நீளவாக்கில் பாருங்கள். முறுக்கு இருந்தால் தெரியும். ஒரு கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவில் கம்பிக்கும் மெட்டுக்கும் ஒரு காகித அட்டை நுழையும் இடைவெளி இருந்தால் நல்லது. விரலே நுழைந்தால் வேண்டாம்! மேல்பலகையின் குறுக்கே ஒரு நேர் ஸ்கேலை வையுங்கள். ஓரங்களில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

ஒரே பலகையில் செய்ததை விட, மெல்லிய அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்த பலகை ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஓசையில் சிறிது குறைவு என்று வித்துவான்கள் சொல்வது உண்டு. கற்றுக் கொள்ளும் பிள்ளைக்கு, கடலோர வீட்டுக்கு, அடுக்குப் பலகையே உத்தமம்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை உண்டு. கித்தாரைச் சுவரில் மாட்ட வேண்டாம். மழையில் நனையும் வெளிச்சுவர் என்றால் வேண்டவே வேண்டாம். வாசித்தவுடன் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். சில நூறு ரூபாயில் ஈரம் அளக்கும் சிறு கருவி கிடைக்கிறது. அதையும் உள்ளே வைத்தால் கண்ணால் பார்த்துக் கொள்ளலாம். ஏ.சி. அறையில் கொஞ்ச நேரம், கடற்காற்றில் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி வைப்பது மிகவும் கெடுதல். பல வாரம் வாசிக்கப் போவதில்லை என்றால் கம்பியைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள்.

கடைக்காரருக்கு மூன்று சொல்!

வாங்குபவருக்கு இத்தனை சொன்னால், விற்பவருக்கும் சொல்ல வேண்டும் அல்லவா?

ஒன்று. வாரண்டிச் சீட்டின் பின்பக்கத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கித்தாரோடு கொடுங்கள். "இந்த வாத்தியம் ஈரத்தில் வளையும். இப்படி இப்படிப் பாதுகாக்கவும்" என்று நாலு வரி போதும். ஊசி மருந்துக்கும் உரத்துக்கும் குறிப்பு இருக்கிறது. 25 ஆயிரம் ரூபாய் வாத்தியத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

இரண்டு. விற்ற கித்தாரை முதல் மழைக் காலத்தில் ஒரு தடவை இலவசமாகப் பார்த்துக் கொடுங்கள். கழுத்துக் கம்பியைத் திருக அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் ஒரு வழக்கைத் தடுக்கும். பத்து வாடிக்கையாளரைக் கொண்டு வரும்.

மூன்று. பழுது பார்க்கும் கைகளை ஊரிலேயே வளர்க்க வேண்டும். வளைந்த கித்தாரைத் தொலைதூர ஊருக்கு அனுப்பச் சொன்னால், போகும் வழியில் இன்னும் உடையும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் 'ஸ்வரம்' என்ற வாத்தியப் பட்டறை இருக்கிறது. அக்கம்பக்கத்து கிராமத்து இளைஞர்கள் அங்கே வாத்தியம் செய்யும் தொழிலைக் கற்றுச் செய்கிறார்கள். கற்றுக் கொடுத்தால் நம் பிள்ளைகளுக்குக் கை வரும் என்பதற்கு இது சாட்சி. கம்பெனிகள் இப்படிக் கற்ற உள்ளூர்க்காரரைத் தங்கள் பழுது நிலையமாக ஏற்க வேண்டும். பிள்ளைக்குப் பிழைப்பு, வாங்கியவருக்கு நிம்மதி, கம்பெனிக்கு நல்ல பெயர்!

யார் குற்றம்?

முத்தியால்பேட்டை வீட்டுக்குத் திரும்புவோம். கித்தார் வளைந்தது யார் குற்றம்?

மகளின் மேல் கொஞ்சம் குற்றம் உண்டு. மழை நனைக்கும் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தாள். ஆனால் அது தெரியாமல் செய்த குற்றம். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கம்பெனியின் மேல் குற்றம் உண்டா? மரம் சரியாகக் காயாமல் இருந்தாலோ, பசை சரியாக ஒட்டாமல் இருந்தாலோ உண்டு. அதைப் பரிசோதனைதான் சொல்ல முடியும். சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்ததால் மட்டும் செய்த வேலையில் உள்ள குற்றம் மறைந்து போகாது.

கடைக்காரரின் மேல் குற்றம் உண்டு. அவருக்கு ஊரின் காற்று தெரியும். மரத்தின் குணம் தெரியும். சீட்டின் பின்பக்கமும் தெரியும். மூன்றும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சித்திரை மாதத்தில் பணத்தை எண்ணி வாங்கும்போது அவர் அதைச் சொல்லவில்லை. ஐப்பசி மாதத்தில் சொன்னார்.

காற்றின் மேல் குற்றம் இல்லை. அது இந்தக் கரையில் என்றும் வீசிய காற்று. இனியும் வீசும்.

தகப்பனார் மனம் தளர வேண்டியது இல்லை. கித்தாரை உலர்ந்த இடத்தில் பெட்டியில் வைக்கட்டும். தெரிந்தவர் ஒருவரிடம் காட்டட்டும். கழுத்துக் கம்பியைத் திருகி நேரானால் அதோடு விஷயம் முடிந்தது. நேராகவில்லை என்றால் ரசீதும் சீட்டும் படமும் எடுத்துக் கொண்டு முறையிடட்டும். அவர் தையற்காரர். துணியை அளக்காமல் வெட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். வெட்டும் முன் அளப்பது தையற்காரரின் கடமை. விற்கும் முன் சொல்வது வியாபாரியின் கடமை. வாங்கும் முன் கேட்பது வாங்குபவரின் கடமை.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, கித்தாரின் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன், சீட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்!